அரண்மனை வாசலில் விட்ட சப்பாத்து

எழுபதுகளின் நடுவில், யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்னுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், என் கணவரை அவர் வேலைபார்த்த தொழிற்சாலை ஒரு கோடைகாலம் முழுக்க சுவீடனுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. குடும்பத்தையும் கூட்டிப்போகலாம் என்றார்கள். அவருக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். எனக்கு எந்த நாட்டையும் பார்க்கும் மனநிலை இல்லை. என் கவலை எல்லாம் நாலு வயது மகளைப் பற்றியதாக இருந்தது.

அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஊரில் இருந்தபோது வாய் ஓயாத பிள்ளை. மெல்பேர்னில் பாலர் பள்ளியில் சேர்த்ததும் ஆசிரியை எங்களைக் கூப்பிட்டு, இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும், இனி வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்று அன்பாகத்தான் சொன்னார். படிப்பிக்கிறவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றிலிருந்து சமைக்கிற குசினியிலும் இங்கிலீஷ். என் இங்கிலீஷில் ஒரு பிள்ளையைக் கொஞ்ச முடியாது. "ஈட், ஈட்" என்று பொலிஸ்காரி மாதிரி நிற்பேன். பிள்ளை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நாளில் தமிழும் நின்றது, இங்கிலீஷும் வரவில்லை. எதற்கும் தலையாட்டல்தான். காதில் பழுதில்லை என்று டொக்டர் சொன்னார். இவள் இனிப் பேசவே மாட்டாளோ என்று நான் சுவாமிப் படத்துக்கு முன்னால் நின்று அழாத நாள் இல்லை.

சுவீடனில் சனி ஞாயிறு வந்தால் என் கணவருக்கு ஒரு கோட்டையோ அரண்மனையோ பார்த்தாக வேண்டும்.

"இவ்வளவு தூரம் வந்திட்டு பாக்காமல் போறதே?" என்று பிள்ளை நித்திரையானபின் என்னிடம் சொல்வார்.

முணுமுணுத்துக்கொண்டே போவேன். ராஜாக்களின் படங்கள் எல்லாம் எனக்கு ஒரே முகமாகத்தான் தெரிந்தன. தோட்டங்கள் மட்டும் பிடித்தன. செடிகளை யாரோ தலைவாரி விட்டதுபோல் அவ்வளவு ஒழுங்காக வெட்டியிருப்பார்கள். மகள் என் விரலைப் பிடித்தபடி சத்தமில்லாமல் கூட நடப்பாள்.

அன்று போனது ஏரிக்கரையில் இருந்த ஓர் அரண்மனை. வாசலில் பெரிய கூடை நிறையக் கம்பளிச் செருப்புகள். பழைய மரத்தரை கீறுப்படாமல் இருக்க, சப்பாத்துக்கு மேலே அதை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். எங்களுக்கு அது தெரியாது. நாங்கள் தங்கியிருந்த வீட்டில் சுவீடன்காரரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். இங்கும் அதே மரியாதைதான் என்று எண்ணி, கோயில் வாசலில் விடுவதுபோல் மூன்று சோடிச் சப்பாத்தையும் படியோரம் வரிசையாக விட்டுவிட்டு, வெறும் காலுறையோடு கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனோம். மகளுக்கு அது படகு மாதிரி. மினுங்கிய தரையில் வழுக்கி வழுக்கி வந்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

சுற்றிப் பார்த்து முடித்தவர்களை வந்த வழியே விடவில்லை. பின்பக்கக் கதவால் தோட்டத்துக்கு இறக்கினார்கள். அங்கே வயதான காவலாளி ஒருவர் கம்பளிச் செருப்புகளைத் திருப்பி வாங்கிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கழற்ற, உள்ளே அவரவர் சப்பாத்து இருந்தது. நாங்கள் கழற்ற, காலுறைதான் இருந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லாம் இந்த மனுசனால் வந்தது என்று கணவரை முறைத்தேன்.

மகள் சரளைக்கல்லில் நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு காவலாளியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ர சப்பாத்து எங்க? என்ர சிவப்புச் சப்பாத்து! தாங்கோ!"

தோட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். காவலாளி சிரிக்கவில்லை. அவள் முன்னால் முழந்தாளிட்டு, தன் மொழியில் என்னவோ கேட்டார்.

"வாசல்ல வைச்சனான். அம்மாதான் கழட்டச் சொன்னவ" என்று என்னைக் கைகாட்டினாள்.

அவர் அவளுடைய காலுறையைப் பார்த்தார், எங்களுடையதைப் பார்த்தார். எல்லாம் விளங்கியவராகத் தலையசைத்து, அந்தப் பெரிய அரண்மனையை முழுக்கச் சுற்றிக்கொண்டு நடந்து போனார். திரும்பி வந்தபோது எங்கள் இருவருடைய சப்பாத்துகளும் அக்குளில் இருந்தன, சிவப்புச் சப்பாத்து கையில் இருந்தது. தானே அவளுக்கு மாட்டிவிடக் குனிந்தார்.

"அது மற்றக் கால்!" என்று என் மகள் அவரை அதட்டினாள். அவர் பணிவாக மாற்றி மாட்டினார்.

நான் சேலையோடு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"இஞ்சாரும், அழாதையும். கேட்டீரே? பிள்ளை கதைச்சிட்டாள்" என்றார் கணவர். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் என்னோடு பிள்ளைக்கு முன்னால் தமிழில் பேசியிருந்தார்.

காவலாளிக்கு நன்றி சொல்ல அந்த நாட்டுச் சொல் எனக்குத் தெரியவில்லை. கும்பிட்டேன். அவரும் கையில் இருந்த கம்பளிச் செருப்புகளோடு அப்படியே என்னைத் திருப்பிக் கும்பிட்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சுவாமியைக் கும்பிடும்போது அவரையும் நினைத்துக்கொள்கிறேன்.

மெல்பேர்னுக்குத் திரும்பியபின் எங்கள் வீட்டில் தமிழ்தான். பள்ளியில் மகள் இன்னும் வாய் திறக்கவில்லை. வீட்டில் திரும்பவும் தமிழுக்கு மாறியதை ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, ஒரு பின்னேரம் அவரே பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டார். கதவைத் திறந்ததும் மகள் குறுக்கே போய் நின்றாள்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

ஆசிரியை என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன், மகள் அவருக்கு விளங்கவில்லை என்பதைக் கண்டுகொண்டு, பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"ஷூஸ் ஓஃப், ப்ளீஸ்."

அதுதான் அவள் பேசிய முதல் இங்கிலீஷ். ஆசிரியை படியில் உட்கார்ந்து, தன் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.