பதினான்கு தட்டுகள்

இந்த ஊரில் தண்ணீர் தானாக வருவதில்லை. வந்து நான்கு ஆண்டுகள் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. இலங்கை மலையில், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால், ஊற்றுநீர் வரும் பீலிக் குழாயிலிருந்து இரவும் பகலும் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். இங்கே, சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டிறங்கி ஐயாயிரத்துச் சொச்சம் எட்டு எடுத்துவைத்து நடந்தால் வருகிற இந்தச் சிற்றூரில், அடிபம்பின் கைப்பிடியைப் பன்னிரண்டு முறை அழுத்தினால்தான் முதல் தண்ணீர் வரும். கையை எடுத்தால் நின்றுவிடும். அதனால் ஒருவர் அடிக்க வேண்டும், ஒருவர் பிடிக்க வேண்டும். இன்னும் மலையிலேயே இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல் கப்பலேறி வந்து ஆளுக்கொரு திசையில் சிதறிய உங்களுக்கும் இதை எழுதக் காரணம், என் மகள் புஷ்பாவுக்கு ஏழு வயதில் ஒரு பையன் மேல் பிரியம் வந்தது இந்தப் பம்படியில்தான்.

புஷ்பா எனக்கு மிகப் பிந்திப் பிறந்தவள். எனக்கு அறுபது நெருங்குகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் பேத்தி என்றே நினைக்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக முப்பத்தொரு வருடம் ஆட்களையும் கொழுந்துக் கூடைகளையும் எண்ணினேன். இங்கே சூளையில் செங்கல் எண்ணுகிறேன். சூளைக் கொட்டகையிலிருந்து பார்த்தால் சாலைக்கு அப்பால் பள்ளிக்கூடம் தெரியும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகள் அலுமினியத் தட்டோடு இரண்டிரண்டு பேராகப் பம்புக்கு வருவார்கள். ஏழுமலை என்ற பையன், ஊர்த்தெருவில் நிலமும் மாடும் உள்ள வீட்டுப் பிள்ளை, முன்பல் இரண்டு விழுந்தவன், கைப்பிடியில் வயிற்றைப் போட்டுத் தொங்கி அடிப்பான். புஷ்பா இரண்டு தட்டையும் கழுவுவாள். தன் தட்டுக்கு ஒரு தேய்ப்பு. அவன் தட்டுக்கு மூன்று.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அவன் பெயர் பதினேழு முறை வந்தது. “அப்பா, ஏழுமலைக்குப் பல்லு இல்லாமலே விசில் அடிக்க வருது.” “அப்பா, அவங்க வூட்டுல ஆடு கீது. நம்ம வூட்டுக்கும் ஒண்ணு வாங்கலாமா?” அவள் நாக்கில் அவன் பேச்சு ஏறியிருந்தது. “மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு இப்பவே வந்துருச்சுங்க” என்று என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு இந்த விஷயத்தில் நாங்கள் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டு தட்டு இருந்தது. புதன்கிழமை நான்கு. ஏழுமலையின் பெரியப்பா மகனும் இன்னொருவனும் தங்கள் தட்டுகளை அவள் முன்னால் போட்டுவிட்டு விளையாடப் போனார்கள். வெள்ளிக்கிழமை ஒன்பது. அடுத்த வாரம் பதினான்கு. அன்றைக்கு அந்தப் பெரியப்பா மகன் கத்தியது சாலை தாண்டி எனக்கே கேட்டது: “இன்னாடா, சிலோன்காரிக்கு நீ தண்ணி அட்ச்சிக்கினு கீற? பொட்டப் பயலே!” ஏழுமலை கைப்பிடியை விட்டான். தன் தட்டையும் குவியலின் மேல் வைத்துவிட்டு ஓடினான். புஷ்பா தானே ஓடி ஓடி அடித்து, வழிகிற தண்ணீர் நிற்பதற்குள் குனிந்து கழுவினாள். முதலில் கழுவியது அவன் தட்டை.

எங்களுக்குக் கிடைத்த வீடு காலனியை ஒட்டி இருக்கிறது. இங்கே யாரும் எங்கள் சாதியைக் கேட்கவில்லை; வீடு இருக்கும் இடத்தை வைத்து அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அந்தக் கணக்கு சரியா தவறா என்று நான் எழுதப் போவதில்லை. சரியாகவே இருந்தாலும் என் மகள் பதினான்கு தட்டு கழுவக் கூடாது. அவள் பிரியத்தினால் செய்ததை இவர்கள் அவள் செய்தாக வேண்டிய முறை என்று எடுத்துக்கொண்டார்கள். கழுவாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால், இவர்கள் அவளைப் பற்றி நினைப்பதை என் வாயாலேயே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் ஆவேன். எட்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். செங்கல் கணக்கு மூன்று முறை தப்பியது.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். “உங்க பேத்தி ரொம்பப் பொறுப்பான பொண்ணு சார்” என்றார் டீச்சர்.

“மகள்ம்மா. அவ இனிமே தட்டு கழுவ வேணாம்.”

சோறாக்கும் ஆயா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “கொயந்தைங்க வெளாட்டு, பெர்சு. அதுவா கய்வுது. யாருனா அட்ச்சா கய்வ சொன்னாங்கோ?”

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். “ஏன் சார், பொண்ணுக்குச் சளியா? தண்ணியில நிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரா?”

நான் சொல்ல வந்தது வேறு. “ஆமாம்மா, சளி” என்றேன்.

என் மனைவியிடம் சொல்லி வீட்டிலிருந்தே மத்தியானச் சாப்பாடு கட்டச் செய்தேன். அதை எடுத்துக்கொண்டு போய்ப் புஷ்பாவுடன் புங்கமரத்தடியில் உட்கார்ந்தேன். “அவளுக்குச் சளி, ஒட்டிக்கும், யாரும் பக்கத்துல போகாதீங்க” என்று டீச்சர் பிள்ளைகளிடம் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் சாப்பிடும் தாழ்வாரத்திலிருந்து மரம் நாற்பத்திரண்டு எட்டு. இந்த ஊர் அவளைத் தள்ளி உட்காரவைத்திருந்தால்கூட இவ்வளவு தூரத்தில் வைத்திருக்காது. நான் வைத்துவிட்டேன்.

“எனக்குச் சளியே இல்லையேப்பா.”

“வந்துரும்” என்றேன்.

“ஏழுமலை தட்டு மட்டும் கழுவுறேனே. ஒண்ணே ஒண்ணு.”

தூக்குச்சட்டியைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

நான்காம் நாள் அவன் வந்தான். எட்டுக் காலடி தள்ளி நின்று தன் தட்டைத் தூக்கிக் காட்டினான். “நானே கய்வினேன்” என்றான். விளிம்பில் சோறு ஒட்டியிருந்தது. அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரு தேங்காய் ரொட்டி. புஷ்பா அதைச் சரிபாதியாகப் பிய்த்தாள். ஒரு பாதியைத் தூக்குச்சட்டி மூடியில் வைத்து, நான்கு எட்டு நடந்து தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவன் குனிந்தான். கை நீண்டது. பிறகு தாழ்வாரத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கே அவன் பெரியப்பா மகன் நின்றிருந்தான்.

“எங்கம்மா அடிக்கும்” என்று சொல்லிவிட்டு ஏழுமலை ஓடிப்போனான்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது செய்யத் தெரிந்திருக்கும். “மலைக்கே திரும்பிப் போயிரலாமா புள்ள?” என்று கேட்டேன். போக முடியாது என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவை மூடிவிட்டுத்தான் எங்களைக் கப்பலேற்றினார்கள். மூன்று வயதில் அதே கப்பலில் என் மடியில் தூங்கியபடி வந்தவளுக்கு மலை நினைவில்லை.

“அங்க ஏழுமலை இருப்பானா?”

“இருக்க மாட்டான்.”

“அப்ப வேணாம்.”

மணி அடித்தது. தாழ்வாரம் காலியானது. மூடியை எடுக்கப் போனேன். அவள் என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். “அது அவனுதுப்பா.” நாங்கள் இருந்த இடத்திலிருந்து நான்கு எட்டு, அவன் நின்ற இடத்திலிருந்தும் நான்கு எட்டு. வெயிலில் அந்தப் பாதி ரொட்டி அங்கேயே கிடந்தது.