ரெண்டுக்குப் பத்தெல்லோ வரோணும்

போன கிழமை மகள் கணக்குக் கொப்பியை நீட்டினாள். "அம்மா, இது நேர்விகிதசமனோ இல்லையோ?" கையில் பழவாசம் வீசும் அழிறப்பர். அந்த வாசத்தோடு எனக்குச் சுகந்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

நல்லூர் ரியூசன் வகுப்பில் பக்கத்தில் இருந்தவள். உரும்பிராய்த் தோட்டக்காரரின் மகள். வாச அழிறப்பர் அவளிடம்தான் இருந்தது. அழிக்கப் பிழைகள் என்னிடம்தான் இருந்தன.

ஒருநாள் கணக்குப் படிப்பிக்கும் சேர் பலகையில் எழுதினார்: ஒன்றுக்கு ஐந்து, இரண்டுக்கு எட்டு, மூன்றுக்குப் பதினொன்று. நான் முந்திக்கொண்டு எழும்பினேன். "மூண்டு மூண்டாக் கூடுது சேர். நேர்விகிதசமன்தான்!"

"இல்லை சேர்," என்றாள் சுகந்தி, இருந்தபடியே. "ஒண்டுக்கு அஞ்செண்டா ரெண்டுக்குப் பத்தெல்லோ வரோணும்? பிரிச்சுப் பாத்தா ஒரே விடை வரேல்லை."

சேர் சிரித்தார். வகுப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. பொறாமை வயிற்றில்தான் எரியும் என்கிறார்கள். எனக்குக் காதில்.

தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கும் நாட்களில் அவள் வரமாட்டாள். அப்படியொரு வெள்ளிக்கிழமை சேர் என்னைக் கூப்பிட்டார். "நீ அவளின்ரை வீட்டாலைதானே போறனி? நாளைக்குக் கணக்குப் போட்டி. காலமை ஏழு மணிக்கு அவளை ஏத்த இஞ்சை வான் வரும். சொல்லிவிடு."

"ஓம் சேர்."

தோட்டத்தில் குனிந்து நின்றவள் என்னைக் கண்டு கை காட்டினாள். நானும் காட்டினேன். சைக்கிளை நிறுத்தவில்லை.

சனிக்கிழமை வானடியில் நான் நின்றேன். "சுகந்திக்குக் காய்ச்சல் சேர்." வேறு வழியில்லாமல் அவளுக்குப் பதிலாக என்னை ஏற்றினார். ஒரு கேள்வி நேர்விகிதசமன். அவள் சொன்னபடியே பிரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சோடிக்கும் ஒரே விடை. "ஆம்" என்று எழுதினேன். மூன்றாமிடம்.

அடுத்த வகுப்பில் சேர் சுகந்தியைக் கேட்டார்: "காய்ச்சல் சுகமோ பிள்ளை? போட்டிக்கு வரேலாமப் போச்சே."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப சுகம் சேர்."

காட்டிக்கொடுத்திருந்தால் அழுது தீர்த்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்ததே என்றுதான் அப்போது எரிந்தேன். பிறகு அவள் என் பக்கத்தை விட்டு வேறு வாங்கில் போய் இருந்தாள்.

ரியூசன் கொட்டில் இருந்த இடத்தில் இப்போது போன் கடை. ஞாயிற்றுக்கிழமை உரும்பிராய்க்கும் போனேன். அவர்களின் தோட்டத்தில் ஆரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். சுகந்தி எங்கே என்று அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று உங்களிடம் சொல்லலாம். உண்மையில், என்னைவிட நல்லா இருக்கிறாளோ என்று அறியத்தான் போனேன்.