கடல் சூடான வருஷமும் அக்காவும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோச்சு. இப்போது ஞாபகமும் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறது.

காக்ஸ் டவுன் வீட்டில் அக்காவும் நானும்தான். அவள் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. மழை ஏமாற்றிய அந்த வருஷம் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் நூல் மாதிரி வர ஆரம்பித்தது. அக்கா மகன் ஊர்க் கோடியில் சந்தாபுராவில் இருக்கிறான். "இங்க வந்துடும்மா, தண்ணி டாங்கராவது ஒழுங்கா வரும்" என்று ஒவ்வொரு போனிலும் கூப்பிட்டான். அவன் வீட்டில் இன்னும் ஒரு கட்டில் போடத்தான் இடம். அக்கா போனால் நான் தனி.

"போர் நின்னா வர்றேன்டா" என்று அவள் சொல்லிவிட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா மகன், போனில் ஒரு படம் காட்டினான். உலகத்துக் கடல் முழுக்க நீலம். அதில் ஒரு இடத்தில் மட்டும் சிவப்புப் பட்டை, இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு மாதிரி.

"பசிபிக் கடல் சூடாயிடுச்சு சித்தி. அதான் மழை இல்ல."

"எங்கயோ கடல் சூடானா நம்ம சம்ப் தொட்டி ஏன்டா காயுது?" என்றாள் அக்கா.

"சூடு இருக்கிற எடத்துலதான்மா காத்து மேல ஏறி மேகம் கட்டும். அப்படி ஏறின காத்து நம்ம பக்கம் வந்து கீழ இறங்குது. இறங்குற காத்துல மேகம் சரியா கட்டாது. நம்ம பருவக்காத்தும் சோந்துபோயிடும்."

"நம்ம மழையைக் கூப்பிட்டுவெச்சு அங்கயே பெய்யவெக்கிறானுங்க, அப்படித்தானே?"

அவன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து மத்தியானம் கண் அசந்தால் அந்தக் கடல் வரும். பெரிய அண்டா மாதிரி இருக்கும், ஓரம் தெரியாது. அதிலிருந்து வெள்ளையாக ஆவி எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டே தூரமாகப் போகும். தெருவில் டாங்கர் லாரி உறுமும். அதுதான் அலை என்று நினைத்துப் படுத்திருப்பேன்.

செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போனோம். காணிக்கைக் கடையில் வெள்ளித் தகட்டில் கை, கால், கண், தொட்டில் எல்லாம் இருந்தது. "மழைக்கு என்னம்மா குடுப்பீங்க?" என்று அக்கா கேட்டாள். கடைக்காரம்மா யோசித்துவிட்டு, "வீடு வாங்கிக்கோங்க" என்றாள். அந்த வீட்டுத் தகட்டை நான்தான் உண்டியலில் போட்டேன். மழை வேணும் என்று வாய் சொன்னது. மனசு வேறொன்று கேட்டது.

பிறகு கடலில் கால் வைத்தோம். பச்சைப்பிள்ளைக்கு விளாவின தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பு. நாங்கள் பயந்துபோனோம்! கையில் இருந்த குளிர்ந்த தண்ணீர் பாட்டிலை அக்கா அலையில் ஊற்றினாள். "ஆறிடு தாயே" என்று நானும் சொன்னேன். போனில் சொன்னதும் அவள் மகன், "அது வங்காள விரிகுடாம்மா. எப்பவும் அப்படித்தான் இருக்கும். நீங்க வேற கடலுக்கு ஜெபம் பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றான். "பரவால்ல, மாதாவுக்கு வழி தெரியும்" என்றாள் அக்கா.

வெயில் காலத்தில் போர் நின்றுவிட்டது. மோட்டாரைப் போட்டால் வெறும் காற்று இருமும். ஈஸ்டர் முடிந்து அக்கா மூட்டை கட்டினாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ வரைக்கும் போனேன். அதற்குப் பின் வீடு ரொம்ப நீளமாகிவிட்டது. அடுப்படியிலிருந்து வாசலுக்கு வர நேரம் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை போனில் அக்கா மகனிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன், "சிவப்பு குறைஞ்சுதா?" மஞ்சளாயிடுச்சு சித்தி, என்பான். அப்புறம், வெளுத்துடுச்சு, என்றான். ஜூன் மாசம் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து, தெரு தெரியாமல் ஊற்றியது. நான் மாடியில் நனைந்துகொண்டே நின்றேன். எவ்வளவு நேரமோ! கீழே வந்தால் போன் அடிக்கிறது.

"அங்க பேயுதாமே? இங்க ஒரு சொட்டு இல்லடி" என்றாள் அக்கா.

"போர்ல தண்ணி வந்தா சொல்றேன்" என்றேன்.

மழை விடாமல் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் மோட்டார் போட்டதும் செம்மண் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. போன் பண்ணினேன். தண்ணீர் வந்ததை அக்காவிடம் சொன்னேன். பிறகு எப்படியோ அந்த வார்த்தையும் வாயில் வந்துவிட்டது.

"வந்துடுக்கா. தனியா இருக்க முடியல."

"அடிப்பாவி, இதைச் சொல்ல உனக்கு அம்மாம் பெரிய கடல் ஆற வேண்டியிருந்ததா?"

அந்த வாரமே வந்துவிட்டாள். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, நான் எழுதுவதைப் படிக்கச் சொல்லித் தொந்தரவு பண்ணுகிறாள். ஈஸ்டருக்கு முந்தியே போனேன் என்கிறாள், நான் பிந்தி என்கிறேன். காற்று ஏறுகிறது, இறங்குகிறது என்று அவள் மகன் சொன்னதையும் நான் மாற்றி எழுதியிருக்கலாம். தெரிந்தவர்கள் யாராவது ஒருமுறை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள்.