அம்மா ஒழித்த கேள்வி

கடைத்தெருவில் யாராவது நிறுத்தி, "நீங்க மிஸ்ஸியம்மா மகதானே?" என்று கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு அலுப்பாக இருக்கிறது. அம்மா பெருமைக்குரியவர்தான். ஆனால் அந்தப் பெருமைக்கு வேளாவேளைக்கு ஊசி போட்டுச் சோறு ஆக்குவது நான்.

எங்கள் பக்கத்தில் தாதியை மிஸ்ஸி என்போம். மலாக்காவில் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த அம்மா, அந்தத் தோட்டத்திலிருந்து முதன்முதலாகத் தாதி வேலைக்குப் படித்துப் போனவர். அவர் செய்த பெரிய காரியம், ஒரு கேள்வியை ஒழித்தது. தோட்டத்துப் பெண்கள் வலி தாங்க முடியாத கட்டத்தில்தான் கிளினிக் வருவார்கள். வந்ததும், "ஏன் முன்னாடியே வரல?" என்று நாலு பேர் முன்னால் ஏச்சு விழும். அதற்குப் பயந்தே அடுத்தவள் இன்னும் தாமதமாக வருவாள். தன் கிளினிக்கில் அந்தக் கேள்வியை யாரும் கேட்கக் கூடாது என்றார் அம்மா. "வந்துட்டீங்கல்ல, போதும்" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். மேலதிகாரிகள் சிரித்தார்கள். அம்மா விடவில்லை. பயிற்சிக்கு வந்த தாதிகளிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, சுற்றுவட்டாரக் கிளினிக்குகளையும் வழிக்குக் கொண்டுவந்தார்.

இப்போது அம்மா புக்கிட் காத்திலில் என்னோடு இருக்கிறார். அவருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. எனக்குப் புக்கிட் ரம்பாயில் தொழிற்சாலை வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருக்காது.

சில வாரங்களாக அம்மா வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்குக் குளிர்கிறது என்றார். மலாக்கா வெயிலில் என்ன குளிர் என்று யோசிக்கக்கூட என்னால் முடியவில்லை. ஒரு நாள் துவைக்கக் காலுறையைக் கழற்றச் சொன்னபோது வாடை வந்தது. சுண்டுவிரல் கறுத்திருந்தது.

"எத்தன பேரு கால பாத்திருப்ப? உனக்கே தெரியாதா? ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கத்தினேன்.

அம்மா தரையைப் பார்த்தபடி, "நீ ஏசுவேன்னுதான்" என்றார்.

ஆஸ்பத்திரியில், காலையே எடுக்க வேண்டியிருக்குமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். புண்ணைத் துடைக்க வந்த தாதி சின்னப் பெண், தமிழ்ப் பெண். காலைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இப்போது கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கட்டும் என்றுகூட நினைத்தேன்.

"வந்துட்டீங்கல்ல பாட்டி, போதும். மெதுவா பாப்போம் லா" என்றாள்.

அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்படிப் பேச யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"எங்க வார்டு பெரிய சிஸ்டர்தான் பாட்டி. ஏன் லேட்டுன்னு கேட்டா எங்களத்தான் ஏசுவாங்க."

தான் யார் என்று அம்மா சொல்லவில்லை. ஊரெல்லாம் ஒழிந்துபோன கேள்வி எங்கள் வீட்டில் மட்டும் மிச்சமிருந்தது. இருந்தாலும் நான் ஏசியதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கிளினிக்கில் வேலை நேரம் என்று ஒன்று உண்டு. வீட்டில் அது கிடையாது.

விரல் போயிற்று, கால் தப்பியது.

போன வாரம் வேலை விட்டு வந்து, உடுப்பை மாற்றாமல் அப்படியே சோபாவில் சாய்ந்திருந்தேன். அம்மா எதிரில் வந்து உட்கார்ந்தார். மற்றக் காலின் காலுறையைத் தானே கழற்றி என் பக்கம் நீட்டினார். குதிகாலில் கொப்புளம். இன்று வந்ததில்லை என்று பார்த்ததுமே தெரிந்தது. கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காட்டிட்டல்லம்மா, போதும்" என்று சொல்லிவிட்டு மருந்து எடுக்க எழுந்தேன்.

"கொஞ்ச நாளாவே இருக்கு" என்றார் அம்மா, நான் கேட்காமலே.