கழுவிய கற்கள்

அறையில் மூத்த பொறியாளர், தேநீர் போடுபவர், நான். வங்காள வழக்கப்படி முன்னவர் எனக்குத் தாதா, அதாவது அண்ணன்; பின்னவர் காக்கு, சித்தப்பா. பாறையைப் படிக்கத் தெரிந்த நிபுணர் மட்டும் இல்லை. மழையில் அவருடைய ரயில் ஹவுராவுக்கு முன்பே எங்கோ நின்றுவிட்டது. கல்கத்தாவில் எங்கள் அலுவலகம் இருந்த சால்ட் லேக்கில் தெருவெல்லாம் முழங்காலுக்கு மேல் தண்ணீர். மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்டோம்.

மேற்குக் கடற்கரையில் மழைக்கு மழை சரியும் மலை ஒன்று. அதன் ஓரமாகப் போகும் நெடுஞ்சாலையைக் கைவிட்டு, மலைக்குள் சுரங்கப்பாதை போட வரைபடம் தயாரித்துக்கொண்டிருந்தோம். மலையைத் துளைத்து எடுத்த உருளைக் கற்கள் ஆழ வரிசைப்படி மரப்பெட்டிகளில் வந்திருந்தன. சுரங்கத்தின் வாய் எங்கே என்று நாலு மணிக்குள் ஃபேக்ஸ் போகவேண்டும்.

தாதா பெட்டிமேல் குனிந்தார். "களிமண்ணே இல்லை. கெட்டியான மலை. கடல் பக்கமாகவே வாயை வைக்கலாம்."

முந்தைய நாள், பெரியவர்கள் பார்க்கப்போகிறார்களே என்று அந்தக் கற்களை ஒவ்வொன்றாகக் கழுவியவன் நான். பதினெட்டாவது மீட்டரில் சாம்பல் நிறக் களிச்சேறு இருந்தது. அதைத் தேய்த்து எடுத்தேன். இடைவெளி அசிங்கமாகத் தெரிந்ததால் கற்களை நெருக்கியும் வைத்தேன். கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் அப்பா அன்றிரவே கேட்டார்: "இன்ஜினியருக்குப் படிச்சிட்டுக் கல்லு கழுவுறியா?"

வேலை நிரந்தரமாக இன்னும் பதினோரு நாள். சொன்னால் அது போகும். சொல்லாவிட்டால், வழுக்கும் மண்ணிலேயே சுரங்கத்தின் வாய். எழுந்து வெளியே போகலாம் என்றால் எங்கே போவது? மணி மூன்றே கால்.

"தாதா, பதினெட்டாவது மீட்டரில் சேறு இருந்தது. நான் கழுவிட்டேன்."

அவர் நிமிரவில்லை. "எதால்?"

"பல் தேய்க்கிற பிரஷ்ஷால்."

"நல்லவேளை, பேஸ்ட் போடலை," என்றார் காக்கு.

தாதா சிரிக்கவில்லை. "எவ்வளவு கனம்?" நாலு விரல் காட்டினேன். "உன் விரலை நம்பி மலையைக் குடைய முடியாதே, அப்பனே." ஃபேக்ஸ் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பழைய துளைக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டார்கள். அதே ஆழத்தில் அதே சேறு. வாயை அறுபது மீட்டர் உள்ளே தள்ளினார்கள். என் சோதனைக் காலத்தை ஆறு மாதம் நீட்டினார்கள். நான் கழுவியதால் போட்ட அந்த ஒரு துளைக்குக் கம்பெனி கட்டியது ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய்.