விட்டுக்கொடுக்காத பிடி

ஞானசுந்தரியின் இடது கைக் கட்டைவிரல் உடைந்தது ஒரு ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழரை மணிக்கு. உடைத்தவள் அருக்காணி. இருவருக்கும் இடையில் எந்தப் பகையும் கிடையாது. முந்தின நாள் மாலைதான் அருக்காணி தன் பங்கு பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து ஞானசுந்தரிக்கு ஊட்டிவிட்டிருந்தாள்.

ஏற்காட்டிலிருந்து கிளியூர் போகும் வழியில் கன்னியர் நடத்தும் இல்லம் அது. மனநோய் வந்து, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போன பெண்கள் முப்பத்தெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். அவர்களைக் குளிக்கவைத்து, தலைவாரி, மாத்திரை விழுங்கினார்களா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது ஞானசுந்தரியின் வேலை. பதினோரு வருடமாகப் பார்க்கிறாள். கடி, கீறல், முடியைப் பிடித்து இழுப்பது எல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களுக்குப் பழக்கம். வீட்டில் அதையெல்லாம் சொல்வதில்லை.

அருக்காணி மாரமங்கலத்துக்காரி. ஐம்பது வயதைத் தாண்டியும் கை இரும்பு மாதிரி இருக்கும்; அத்தனை வருடம் காட்டில் மண்வெட்டி பிடித்த கை. அன்று தலைவாரிக்கொண்டிருந்தபோது திடீரென்று திரும்பி ஞானசுந்தரியின் கொண்டையைப் பற்றிக்கொண்டாள். வலி தாங்காமல் ஞானசுந்தரி பின்னால் இழுத்தாள். இழுத்த வேகத்தில் இருவரும் கட்டிலோடு சாய, கட்டிலின் இரும்புக் கம்பிக்கும் அருக்காணியின் முழங்கைக்கும் நடுவில் விரல் சிக்கி உடைந்தது. அருக்காணியின் உதடும் கிழிந்து ரத்தம் வந்தது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அதற்குள் இரண்டு ஆயாக்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். இல்லத்தின் பொறுப்பில் இருந்த சிஸ்டர் ஜெஸ்லின் யோசித்து, சேலத்திலிருந்து தற்காப்புக் கலை சொல்லித்தர ஒருவரை ஏற்பாடு செய்தார். சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை. ஹாப்கிடோ என்ற கொரிய நாட்டுக் கலை.

"என்னமோ ஆப்பக்கடைன்னு சொல்றாங்களே, அது எதுக்குங்க நமக்கு?" என்றாள் உடன் வேலை செய்யும் பாவாயி. அன்றிலிருந்து ஆயாக்களுக்கு அது ஆப்பக்கடை கிளாஸ்தான்.

மாஸ்டர் பிரபாகருக்கு இருபத்தேழு வயது. குப்பனூர் ரோடு வழியாக பைக்கில் மலையேறி வருவான். வெள்ளை உடுப்பு, கறுப்பு பெல்ட். சேலத்தில் இரண்டு பள்ளிக்கூடங்களில் வகுப்பு எடுக்கிறான். மேடையில் செய்து காட்டி வாங்கிய மெடல்கள் நிறைய. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வரிசையாக நின்ற ஒன்பது பெண்களைப் பார்த்து அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"அக்கா, யாராவது மணிக்கட்டைப் புடிச்சாங்கன்னா பின்னால இழுக்காதீங்க. புடிச்ச கையில கட்டைவெரலுக்கும் மத்த வெரலுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்து பக்கமாத் திருப்பி, ஒரு அடி முன்னால வெச்சு, முழங்கையை மடக்குங்க. வந்துரும்."

வந்தது. எல்லோருக்கும் வந்தது. பாவாயி பிடிக்க ஞானசுந்தரி விடுவித்தாள்; ஞானசுந்தரி பிடிக்க பாவாயி விடுவித்தாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஞானசுந்தரிக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தான் திருப்புவதற்கு முன்பே பாவாயியின் விரல்கள் தளர்ந்துவிடுவதைத் தோலில் உணர்ந்திருந்தாள்.

வீட்டுக்குப் போனதும் கணவன் மரியதாஸிடம் கையை நீட்டினாள். அவன் எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரமேறி, அதில் படர்ந்த மிளகைப் பறிக்கிறவன்.

"இறுக்கிப் புடிங்க. நான் சொல்ற வரைக்கும் உடக்கூடாது."

பிடித்தான். அவள் சந்து பக்கம் திருப்பினாள், அடி எடுத்து வைத்தாள், முழங்கையை மடக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. திரும்பவும் செய்தாள். மரியதாஸ் இன்னொரு கையால் டீயைக் குடித்துக்கொண்டே, "ஆரம்பிச்சுட்டியா, இன்னும் இல்லியா?" என்றான். அவளுக்கு வந்த கோபத்தில் அன்று மாலை முழுக்க அவனோடு பேசவில்லை. கோபம் அவன்மேல் இல்லை என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். "ஏனுங்க மாஸ்டர், என்ற ஊட்டுக்காரரு புடிச்சா வரமாட்டீங்குதுங்க."

"பழகப் பழக வருமுங்க அக்கா. இதெல்லாம் வருசக்கணக்குல பண்ணணும்."

"எங்களுக்குத் திங்கக்கெழமை காலைல டூட்டிங்க."

பிரபாகர் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டான். பிறகு, "அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றான்.

அதற்கடுத்த சனிக்கிழமை மரியதாஸ் வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு மாஸ்டரின் மணிக்கட்டைப் பிடித்தான். பிரபாகர் லாவகமாகத் திருப்பினான். கை வரவில்லை. முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வேறொரு விதமாகச் செய்தான். அதுவும் வரவில்லை. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு மரியதாஸின் விரல்களைப் பின்பக்கமாக வளைத்து முறுக்கியபோது, அவன் "ஐயோ" என்று கத்திக்கொண்டு முட்டிபோட்டு உட்கார்ந்தான். கை விடுபட்டது. யாரும் கை தட்டவில்லை.

ஞானசுந்தரி கணவனைத் தூக்கிவிட்டாள். "மாஸ்டர், நீங்க இப்ப முறுக்குன மாதிரி எங்க அருக்காணியக்காவை முறுக்குனா எலும்பு நொறுங்கிப்போயிரும். அவங்க எங்களை அடிக்கோணும்னு புடிக்கறதில்லீங்க. பயத்துல புடிக்கறாங்க."

அன்று வகுப்பு பாதியில் நின்றது. பிரபாகர் சுவரோரமாக உட்கார்ந்து வெகுநேரம் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான். ஞானசுந்தரி டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். தம்ளரைப் பார்த்தபடியே சொன்னான்: "பன்னெண்டு வருசமாப் பண்றேங்க அக்கா. இது வரைக்கும் என்னைப் புடிச்சவங்க எல்லாருமே எனக்கு விட்டுக்கொடுத்திருக்காங்க. இன்னிக்குத்தான் தெரியுது."

அடுத்த வாரம் அவன் வரமாட்டான் என்று பாவாயி சொன்னாள். ஆனால் வந்தான். வெள்ளை உடுப்பு இல்லை. சாதாரண டிராக் பேண்ட், டீ சர்ட். மரியதாஸையும் ஒவ்வொரு வாரமும் வரச் சொன்னான். மரியதாஸுக்கு ஒரே ஒரு வேலைதான்: பிடித்தால் விடக்கூடாது.

அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்ததை வகுப்பு என்று சொல்வது கஷ்டம். மாஸ்டர் ஒன்றைக் காட்டுவான். ஆயாக்கள் மரியதாஸிடம் செய்து பார்ப்பார்கள். வராவிட்டால் அது போச்சு. வந்தும் வலித்தால், அதுவும் போச்சு. உதைகள் முதல் நாளே போயின. தூக்கி எறிவது போனது. கையை முறுக்கிப் பூட்டுகிற வித்தைகள் ஒவ்வொன்றாகப் போயின. பிரபாகருக்கு அது எளிதாக இருக்கவில்லை. தான் உயிரைக் கொடுத்துக் கற்றதைத் தானே குப்பைக்கு அனுப்புவதுபோல இருந்தது என்று பின்னால் ஞானசுந்தரியிடம் சொன்னான்.

இரண்டு மாதத்தில் மிஞ்சியது நான்கைந்துதான். இழுக்கிற பக்கமே போ, எதிர்த்து இழுக்காதே. முடியைப் பிடித்தால், பிடித்த கையை உன் இரண்டு கையாலும் உன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்; அப்போது அவர்களால் இழுக்க முடியாது. பிறகு நெருங்கிப் போ. கடித்தால் பிடுங்காதே, வாயை நோக்கி லேசாகத் தள்ளு.

இதற்கிடையில் பாவாயிக்கு ஒன்று நடந்தது. பட்டப்பகலில், பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, குடித்திருந்த ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் மறு கையில் இருந்த சோற்று டப்பாப் பையை அவன் முட்டியில் வீசிவிட்டு, பக்கத்துப் பழக்கடைக்கு ஓடிவிட்டாள்.

"நாம பழகினது எதுவுமே ஞாபகத்துக்கு வரலியாங்க?" என்று கேட்டான் பிரபாகர்.

"எம் பேரே ஞாபகத்துக்கு வரலீங்க மாஸ்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். பாவாயியும் சிரித்தாள், ஆனால் அன்று முழுக்க அவள் மரியதாஸிடம் கையைக் கொடுக்காததை ஞானசுந்தரி கவனித்தாள். அதுதான் அவளைப் பல நாள் யோசிக்கவைத்தது. பயம் வந்தால் மனசு துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆகிவிடுகிறது. அப்படியானால் கற்றதெல்லாம் எதற்கு? மனசுக்குத் தெரிந்து பயனில்லை, உடம்புக்குத் தெரியவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் முடியைப் பிடிக்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். தினமும் காலையில் சமையலை முடித்துவிட்டு, மரியதாஸைப் பிடிக்கச் சொல்லி இருபது தடவை. அவன் அலுத்துக்கொண்டாலும் பிடித்தான், விட்டுக்கொடுக்காமல்.

தீபாவளிக்கு முந்தின நாள். அருக்காணியை அவள் மகன் மாதப்பன் வந்து வீட்டுக்கு அழைத்துப்போவதாகப் போனில் சொல்லியிருந்தான். விடிந்ததிலிருந்து துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டருகில் உட்கார்ந்திருந்தாள். மழை தூறிக்கொண்டே இருந்தது. பதினொரு மணி ஆகியும் அவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஞானசுந்தரி போய்க் குனிந்து, "அக்கா, உள்ளார வந்து ஒரு வாய் சாப்புடுங்க" என்று கூப்பிட்டாள்.

துள்ளி எழுந்த அருக்காணியின் கை பாய்ந்து அவள் முடியைப் பற்றியது.

ஞானசுந்தரிக்கு யோசிக்க நேரமில்லை. அவளுடைய இரண்டு கைகளும் தாமாகவே எழுந்து அருக்காணியின் கையைத் தலையோடு அழுத்திக்கொண்டன. இழுப்பு நின்றது. கால் ஒரு அடி முன்னால் போனது. இப்போது அவளுடைய நெற்றி அருக்காணியின் நெஞ்சில் பதிந்திருந்தது. இது வரை எல்லாம் சரி. ஆனால் பிடி விடவில்லை. மாஸ்டர் காட்டியதில் இன்னும் ஒரு படி மீதி இருந்தது: அழுத்திய கையோடு உடம்பை மடக்கினால் மணிக்கட்டு வளைந்து விரல்கள் திறக்கும். அவள் கொஞ்சம் மடக்கினாள். தன் உள்ளங்கைக்குக் கீழே அந்த வயதான மணிக்கட்டு வளைய ஆரம்பிப்பது தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மடக்கினால் விட்டுவிடும். அல்லது ஒடிந்துவிடும். எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் அருக்காணியின் குரல் தலைக்கு மேலே கேட்டது.

"என்னை உடுங்க. என்னை ஊட்டுக்கு உடுங்க."

பிடித்துக்கொண்டிருப்பது அவள். விடச் சொல்வதும் அவள்தான். ஞானசுந்தரி மடக்குவதை நிறுத்தினாள். அந்த நெஞ்சு அடித்துக்கொள்கிற வேகம் நெற்றியில் தெரிந்தது.

"உடறனுங்க அக்கா. மழை உடட்டும், போலாம். நான் எங்கியும் போகல. இங்கயேதான் நிக்கறேன்."

ஓடி வந்த பாவாயியைக் கண்ணாலேயே நிறுத்தினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்பது தெரியாது. ஐந்து நிமிடம் என்றாள் பாவாயி. இருவரும் நன்றாக நனைந்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது. அருக்காணி தன் கையைத் தானே பார்த்தாள். அதில் நாலைந்து முடி ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

சிஸ்டர் ஜெஸ்லின் யாருக்கும் காயம் இல்லை என்று கேட்டு மகிழ்ந்தார். ஆனால் ஞானசுந்தரிக்குக் கழுத்து இரண்டு வாரம் திரும்பவில்லை. சனிக்கிழமை பிரபாகர் ஆவலோடு, "அப்ப வேலை செஞ்சுதுங்களா அக்கா?" என்று கேட்டபோது, அவளால் உடனே ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"பாதி செஞ்சுதுங்க. இழுக்க உடாம நிறுத்துச்சு. மீதிப் பாதியை நான் செய்யல. செஞ்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியல. ஆனா ஒண்ணுங்க மாஸ்டர், முன்னாடியெல்லாம் அவங்க புடிச்சா எனக்கு வலி மட்டுந்தான் தெரியும். இந்தத் தடவை அவங்க பேசுனது காதுல உழுந்துச்சு."

பிரபாகர் தலையாட்டினான். புரிந்ததா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது சேலத்தில் புதிதாகச் சேருகிறவர்களை முதல் வாரமே இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறானாம். பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள் என்று குறைபட்டுக்கொண்டான்.

மாதப்பன் ஐந்து நாள் கழித்து வந்தான். வண்டி ரிப்பேர் என்று சிஸ்டரிடம் சொன்னான். கேட்டருகில் ஞானசுந்தரி தனியாகக் கேட்டபோது சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினான். முன்கையெல்லாம் பழைய கீறல் தழும்புகள்.

"போன பொங்கலுக்குக் கூட்டிட்டுப் போனப்ப அம்மா புடிச்சுதுங்க. நான் புடிச்சுத் தள்ளி உட்டுட்டேன். கீழ உழுந்து மண்டையில அடி. திரும்பக் கூட்டிட்டுப் போக எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க அக்கா. பெத்தவளைப் பத்தி இதையெல்லாம் யாருகிட்டச் சொல்றது?"

ஞானசுந்தரி அவனைத் திட்ட நினைத்திருந்தாள். திட்டவில்லை. அவன் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்ததால், "சட்டையைப் புடிக்கறேன், பாருங்க" என்று சொல்லி அவன் நெஞ்சுச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "இப்பத் தள்ளாதீங்க. என்ற கை மேல உங்க கையை வெச்சு உங்களோட சேர்த்து அமுக்குங்க. இப்ப முன்னால வாங்க. இன்னும் வாங்க. கூச்சப்படாதீங்க." பஸ் வர இருபது நிமிடம் இருந்தது. அது வரை திரும்பத் திரும்பச் செய்தார்கள். அருக்காணி பையோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

அம்மாவைக் கூட்டிப்போன நான்காம் நாள் மாதப்பன் போன் செய்தான். அம்மா ஒரு தடவை பிடித்தாளாம். எந்தக் காலை முன்னால் வைப்பது என்பது மறந்துபோய்விட்டதாம்.

"அப்பறம் என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. தள்ளல. அவ்வளவுதான்."

அம்மாவை இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.