வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

அரைக் கிலோ மிளகாயால் என் அண்ணனைக் கொன்றுவிட்டேன் என்று நான்கு நாள் நம்பினேன். இதைப் படிக்கும் மாசாணியாத்தாளின் அடியார்கள் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தொண்ணூற்று நான்காம் வருடம், பங்குனி. கிணத்துக்கடவுப் பக்கம் எங்கள் தோட்டம். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். வாரத்தில் மூன்று நாள் அவர் முறை, மூன்று நாள் என் முறை. மீதி வெள்ளிக்கிழமை யாருடையது என்பதில்தான் சண்டை. என்னுடையதென்று நான் நிரூபிக்காத இடமில்லை. டீக்கடை, பால் சொசைட்டி, ஒரு கருமாதி வீடு. எல்லோரும் தலையாட்டினார்கள், அண்ணனைத் தவிர. பதினோரு மாதம் பேச்சில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கரண்ட் வந்ததும் வேண்டுமென்றே மோட்டாரைப் போட்டு என் தென்னைக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, ஆனைமலைக்குப் பஸ் ஏறினேன். அங்கே கோயிலில், அநியாயம் செய்தவர் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால் மாசாணியாத்தா நியாயம் கேட்பாள். மைய அரைத்தேன். அண்ணன் பேரோடு அப்பா பேர், ஊர் பேர் எல்லாம் சொன்னேன், ஆத்தா ஆள் மாறிவிடக் கூடாதே என்று.

மத்தியானம் ஊரில் இறங்கினேன். டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, உங்கண்ணனப் பாம்பு கடிச்சுப்போட்டுதுங்க. கோயமுத்தூருக்குக் கொண்டு போயிட்டாங்க."

ஆத்தா இத்தனை சுறுசுறுப்பு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. முகத்தைத் துடைத்தேன். கையில் மிளகாய். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கண்ணீர் நிற்கவில்லை. தம்பிக்கு எத்தனை பாசம் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு நினைவில்லை. கால் தொடைவரை வீங்கிக் கறுத்திருந்தது. அண்ணி என்னைப் பார்த்து, "வந்துட்டீங்களா தம்பி" என்றார். திட்டியிருக்கலாம். எரிச்சல் அடங்க மோர் வாங்கிக் கையைக் கழுவினேன். அந்த நாட்களில் சாப்பாட்டில் காரமே தொடவில்லை. கொடுத்த புகாரைத் திரும்ப வாங்க வழி உண்டா என்று ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்ற ஒரு கிழவியிடம்கூடக் கேட்டேன்.

மூன்றாம் நாள் டாக்டர் உறவுக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பச் சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று கும்பிட்டேன். "ஆத்தா, ஞாயமாப் பாத்தா..." என்று ஆரம்பித்தது வாய். அப்போதும்! எனக்கே அருவருப்பாக இருந்தது. மறுபடி சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை அண்ணனுதாவே இருக்கட்டும். நாஞ் சொன்னது செரியா தப்பான்னு நீ பாக்க வேண்டாந் தாயி. அண்ணன் இருக்கோணும்."

மறுநாள் காலை அண்ணன் கண் திறந்தார். மிளகாய் விஷயத்தை அழுதுகொண்டே சொன்னேன். அண்ணன் என் கையை ஒரு தரம் பார்த்தார்.

"அரைக் கிலோவா? ஊட்டுல குடுத்திருந்தாக் கொழம்புக்காச்சும் ஆயிருக்குமல்லோ."

ஆனைமலைக்குப் போய் ஆத்தாளுக்கு எண்ணெய் சாத்திக் குளிர வைத்தேன். வாதாட இன்றும் நாக்கு துடிக்கிறது. அடக்கிக்கொண்டு, "நீ சொல்றது செரிதான்" என்று முதல் தடவை சொன்னபோது என் வீட்டுக்காரி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். உங்களுக்கும் பேச்சில்லாத ஒருவர் இருந்தால், உங்கள் நியாயத்தை ஆத்தா காலடியில் வைத்துவிட்டு வாருங்கள். திரும்ப எடுக்காதீர்கள். ஆளை அவள் பார்த்துக்கொள்வாள்.

நடந்ததை அண்ணி பிறகுதான் சொன்னார். ஆனைமலைக்குப் போகும் வழியில் நான் பொள்ளாச்சி போய்ச் சேருவதற்கு முன்பே அண்ணனைப் பாம்பு கடித்திருக்கிறது. என் வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் பள்ளத்தில் ஓடியிருக்கிறது. என் தென்னை காயுமே என்று அண்ணன் மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறார். கடித்த பிறகும் கரையை முழுக்க அடைத்துவிட்டுத்தான் அண்ணியைக் கூப்பிட்டாராம்.